மீன்பாடி வண்டியில் ஆறு பேர்

ஐஸ் பேக்டரியில் அமோனியா குழாய் வெடித்த அன்று
ஆம்புலன்ஸ் வருவதற்கு முன்
காசிமேட்டிலிருந்து ஒரு மீன்பாடி வண்டி வந்தது.
ஆம்புலன்ஸ்
கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே எங்கோ
கத்திக்கொண்டிருந்தது.

வாசலிலேயே எண்ணினேன். ஆறு பேர்.
கோட்டுப் பையில் நான்கு நிறத்தில் பட்டைகள்.
ஆளுக்கு அரை நிமிடம்.
மூச்சு, நாடி, சொன்னால் புரிகிறதா.
பெயரைக் கேட்டேன் எல்லோரிடமும்.
மரியாதைக்காக அல்ல,
பெயர் வெளியே வந்தால்
காற்று உள்ளே போகிறது என்று அர்த்தம்.

"கண்ணு போச்சே, கண்ணு போச்சே" என்று
கட்டடமே அதிர அலறினாள் தேசம்மா.
அலறட்டும். அலறுகிற தொண்டை நல்ல தொண்டை.
மஞ்சள் பட்டை கட்டி,
"குழாயடிக்குப் போங்க, நிறுத்தாம கழுவுங்க" என்றேன்.
அவள் புருஷன் பின்னாலேயே ஓடிவந்திருந்தார் போல,
லுங்கியை மடித்துக்கொண்டு குறுக்கே நின்றார்.
"மொதல்ல எறங்குனது இவதாம்மா.
தண்ணி லாரிக்கே ஒரு வரிசை கீது.
உசுருக்குக் கெடயாதா?"

அவருக்குத் தெரியாது,
வியாசர்பாடியில் ராத்திரி இரண்டு மணிக்குக்
குடம் வைத்தவள் நான்.
பச்சைக் குடம், பெயின்டில் ஏழாம் நம்பர்.
அதை யாராவது ஒரு சாண் தள்ளினால்
தெருவை இரண்டாக்கிவிடுவாள் அம்மா.
வரிசை என்றால் என்னவென்று
எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.
தாண்டிப் போனேன்.

நான்காவது ஆள். ஐம்பது வயதிருக்கும்.
சட்டைப் பையில் பீடிக்கட்டு நனையாமல் இருந்தது.
தாடையைத் தூக்கிப் பார்த்தேன்.
மூச்சு வரவில்லை.
வேறொரு நாளில் இவர் வந்திருந்தால்
நாலு பேர் மாறி மாறி நெஞ்சை அழுத்தியிருப்போம்
வியர்வை சொட்ட, இருபது நிமிடமாவது.
இன்று அரை நிமிடத்தில் கறுப்பு.
முடிச்சுப் போடும்போது
விரல் ஒருமுறை வழுக்கியது.
அதற்கும் நேரம் ஆனது.

ஆறும் முடிந்தது. பதிவேட்டில் ஆறு என்று எழுதினேன்.
சிவப்பு இரண்டு. மஞ்சள் இரண்டு. பச்சை ஒன்று.
அந்த ஒன்று.

"தம்பி, வண்டிய ஓரமா எடு, ஆம்புலன்ஸ் வரணும்"
ஹெப்சிபா சிஸ்டர் வாசலில் யாரையோ விரட்டினார்.
பதில் வந்தது.
அலுமினியச் சட்டியைக் கரண்டியால் சுரண்டுகிற மாதிரி
ஒரு பதில்.
சிஸ்டர் திரும்பி என்னைப் பார்த்தார்.

வண்டியை மிதித்து வந்த பையன்.
நின்றுகொண்டிருந்தான். சிரிக்கக்கூடச் செய்தான்.
நடக்கிறவனுக்குப் பச்சை என்பது பாடம்.
அந்தப் பச்சையைக்கூட நான் அவனுக்குக் கட்டவில்லை.
எண்ணவே இல்லை.
நோயாளிகளைக் கொண்டுவந்தவன், அவ்வளவுதான்.
வாயைத் திறக்கச் சொன்னேன்.
உள்ளே எல்லாம் வீங்கிச் சிவந்து
ஊசி நுழையும் அளவுக்கு ஒரு வழி.
"பேரு என்னப்பா?"
உதடு மட்டும் அசைந்தது.

பிறகு நடந்ததெல்லாம் கைகள்தான்.
ஒரு மஞ்சளைத் தரையில் இறக்கிக் கட்டில் எடுத்தோம்.
முதல் தடவை குழாய் இறங்கவில்லை.
இரண்டாம் தடவையும் இல்லை.
மூன்றாவதற்கு மயக்க மருந்து டாக்டர்
செருப்பில்லாமல் ஓடி வந்தார்.

வெளியே பார்த்தால்
வரிசை கேட்ட மனிதர்
அந்த வண்டியை மதிலோரம் தள்ளிக்கொண்டிருந்தார்.
"அவன் பேரு நூக்கராஜு.
உள்ள பூந்து ஆறு பேரையும் இஸ்து வந்தது அவன்தான்.
உங்களுக்கு யாரும் சொல்லலையா?"

யாரும் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.

அவர் சற்று நேரம் நின்றார்.
"இருந்தாலும் மொதல்ல வந்தது நாங்கதாம்மா."
"ஆமாங்க" என்றேன்.
தேசம்மா இன்னும் கண்ணைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

அடுத்த வாரம் மேலிடத்திலிருந்து கேட்டார்கள்,
பதிவேட்டில் ஆறை அடித்து ஏன் ஏழாக்கியிருக்கிறது,
அடித்தலுக்குக் கீழே கையெழுத்து எங்கே என்று.
போட்டுக் கொடுத்தேன்.